கடன் இல்லைதானே?

அன்புள்ள ஐயா,

நலம்தானே? உங்கள் தளத்தை ஆறேழு வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

எனக்கு 36 வயது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மணமாகவில்லை. அப்பா இறந்து 9 வருடங்கள் ஆகின்றன. அம்மா மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். அக்கா கோவையில். இதுவரை ஐந்து முறை பத்துநாள் விபாசனா தியான முகாமில் உட்கார்ந்திருக்கிறேன். போன வருடம் இலங்கையில் ஓர் ஆரண்யத்தில் (காட்டிலுள்ள பௌத்த மடம்) மூன்று வாரம் தங்கினேன். கிளம்பும்போது அங்கிருந்த மூத்த பிக்கு, "விருப்பமிருந்தால் வாருங்கள், முதலில் வெள்ளை உடையில் இருந்து பாருங்கள்" என்றார். அதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை.

நண்பர்களிடம் பேசினால் இரண்டே பதில்கள். ஒருவன் "நீ ஓடிப்போகப் பார்க்கிறாய்" என்கிறான். இன்னொருவன் "வீட்டில் இருந்தே செய்யலாமே, காவி எதற்கு?" என்கிறான். எனக்கு இரண்டுமே பொருந்தவில்லை. இல்லறத்தானின் பயிற்சி இரண்டாம் தரம்தானா? சீவரம் (பிக்குவின் ஆடை) அணியாமல் இந்த வழியில் முழுதாகப் போக முடியாதா?

ஃபிளாட் கடன் இன்னும் 11 வருடம் இருக்கிறது. நான் யோகா வகுப்புக்குப் போய்வருவதாக அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வெளியிட்டால் பெயர் வேண்டாம்.

கே.

அன்புள்ள கே.,

ஓடிப்போகிறாய் என்ற நண்பரை பிக்குகளின் விதிகளைச் சொல்லும் விநயபிடகத்தின் மகாவக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஆரம்பகாலச் சங்கத்தில் ஓடிவந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மகதத்தில் தொழுநோய், காசம், வலிப்பு உள்ளிட்ட ஐந்து நோய்கள் பரவியிருந்த சமயம், அரண்மனை வைத்தியர் ஜீவகர் அரசனையும் சங்கத்தையும் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கிறது என்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். ஜனங்கள் யோசித்தார்கள். மொட்டை போட்டு பிக்கு ஆனார்கள், வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள், குணமானதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எல்லையில் கலகத்தை அடக்கப் போகச் சொன்னதும் மகத அரசன் பிம்பிசாரனின் வீரர்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். கடன் வாங்கிய ஒருவன் வந்தான். கொடுத்தவர்கள் அவனைத் துவராடையில் கண்டு திகைத்து நின்றார்கள்.

எனக்குப் பிடித்தது உபாலி என்ற பையனின் கதை. (பெரிய சீடரான உபாலி வேறு.) பெற்றோர் அவன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எழுத்து வேலைக்கு அனுப்பினால் விரல் வலிக்கும். கணக்கு வேலை என்றால் நெஞ்சு வலிக்கும். நாணயம் சோதிக்கும் தொழில் என்றால் கண் வலிக்கும். இந்தப் பிக்குகளைப் பார், நன்றாகச் சாப்பிடுகிறார்கள், நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அங்கேயே விட்டுவிடுவோம்! உபாலியும் கூட்டாளிகளுமாக 17 பையன்கள் போய்ச் சேர்ந்தார்கள். விடியுமுன் எழுந்து "கஞ்சி கொடு" என்று ஒரே அழுகை. 20 வயது நிறையாதவருக்கு உபசம்பதை (முழுப் பிக்குவாகும் சடங்கு) கிடையாது என்ற விதி அப்படி வந்தது. விரல், நெஞ்சு, கண் மூன்றும் வலிக்கும் உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் அதிகமாகவே புரியும்.

இப்படி ஒவ்வொருவர் ஓடிவந்தபோதும் ஒரு விதி பிறந்தது. அவைதான் இன்றும் கண்டியிலும் பாங்காக்கிலும் உபசம்பதையின்போது பாலி மொழியில் கேள்விகளாகக் கேட்கப்படுகின்றன. இந்த நோய்கள் உண்டா? நீ மனிதன்தானா? (ஒரு நாகம் மனித உருவில் வந்து பிக்குவாகிவிட்டது, தாய்லாந்தில் துறவுக்கு நிற்பவரை இன்றும் 'நாக்' என்றே அழைக்கிறார்கள்.) அரசப் பணியில் இல்லையே? கடன் இல்லைதானே? தாய்தந்தை அனுமதித்தார்களா? பாத்திரமும் சீவரமும் இருக்கின்றனவா?

கவனியுங்கள், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் நண்பர் கேட்பது அதை மட்டும்தான். நீங்களும் ராத்திரியெல்லாம் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உண்மையான வைராக்கியமா, வேலை வெறுத்துப்போனதா என்று தராசில் வைத்துப் பார்த்து முடியாது. அதை விட்டுவிடுங்கள்.

சரி, அங்கே என்ன இருக்கிறது? மூன்று வாரத்தில் நீங்கள் பார்த்தது அமைதி. பல வருடங்களுக்கு முன் நான் ஒரு ஆரண்யத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சமையலறையில் எடுபிடியாக இருந்தேன். நான் பார்த்தது ஒரு பெரிய கூட்டுக்குடும்பம்.

ஒருநாள் மதியம் ஒரு மணி இருக்கும். இளம் பிக்கு ஒருவர் குடிலின் முன் சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு மாம்பழம் விழுந்தது. நல்ல பழம், வாசனை என் வரைக்கும் வந்தது. அதை ஒருகணம் பார்த்துவிட்டுச் சுற்றிலும் பெருக்கிக்கொண்டு போய்விட்டார். நண்பகல் தாண்டிவிட்டதால் சாப்பிடக்கூடாது. கையில் கொடுக்கப்படாத எதையும் வாயில் வைக்கக்கூடாது. நாளைக்கு என்று எடுத்து வைக்கவும் கூடாது. மறுநாள் காலை நான் அதைக் கழுவித் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். "கப்பியங் கரோஹி" என்றார். கொட்டையுள்ள பழத்தைத் தகுதியாக்கித் தா என்று அர்த்தம். நான் கத்தியால் ஒரு கீறல் போட்டு "கப்பியம் பந்தே" (தகுதியாயிற்று, ஐயா) என்று சொல்லி இரண்டு கையாலும் நீட்டினேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார். "வீட்டில் இருந்தபோது மாம்பழம் தின்ன யாரையும் கேட்டதில்லை" என்று சிரித்தார்.

பிக்குவின் 227 விதிகளில் பல இப்படித்தான். மண் தோண்டக்கூடாது, செடி பறிக்கக்கூடாது, பணத்தைத் தொடக்கூடாது. பழத்துக்குக்கூட இன்னொருவர் கை வேண்டும். முதல் ஐந்து வருடம் ஆசிரியரின் பொறுப்பில் இருக்க வேண்டும். வயதுக்கோ படிப்புக்கோ அங்கே மதிப்பில்லை, எத்தனை மழைக்காலம் கழித்திருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. உங்களுக்கு முந்தைய வருடம் சேர்ந்த 22 வயதுப் பையன் வாழ்நாள் முழுக்க உங்களுக்கு மூத்தவன்; நீங்கள்தான் வணங்க வேண்டும். மேனேஜர் தொல்லை தாங்கவில்லை என்று போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

போக வேண்டிய இடமும் வெளிநாடுதான். தமிழ்நாட்டில் பிக்கு ஒருவர் காலையில் பாத்திரத்தோடு தெருவில் இறங்கினால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. நம் பக்கத்தில் பௌத்தத்தை மீட்டவர்கள் சீவரம் அணியாதவர்கள். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசர் சித்த மருத்துவர். கூட இருந்த லட்சுமி நரசு கல்லூரிப் பேராசிரியர்.

இரண்டாவது நண்பருக்கு வருவோம். மழித்தலும் நீட்டலும் வேண்டா என்ற குறளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பாரே? அந்தக் குறள் இருப்பது கூடாவொழுக்கத்தில். போலித் துறவியைத்தான் அது திட்டுகிறது. பாலி சூத்திரங்கள் இந்த விஷயத்தில் இல்லறத்தாரைத் தட்டிக்கொடுப்பதும் இல்லை. வீட்டு வாழ்க்கை நெருக்கடி, புழுதி படிந்த வழி, துறவுதான் திறந்தவெளி என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அனாதபிண்டிகர் என்ற செல்வர் மரணப் படுக்கையில் இருக்கும்போது புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் வந்து கண், காது தொடங்கி எதையும் பற்றாதிருப்பது பற்றிப் பேசுகிறார். புத்தருக்கு ஜேதவனம் என்ற தோப்பையே வாங்கிக் கொடுத்த மனிதர் அழுகிறார். இத்தனை காலம் புத்தரை அண்டியிருந்தும் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதே இல்லை என்கிறார். வெள்ளை உடுத்த இல்லறத்தாருக்கு இது சொல்லப்படுவதில்லை என்று பதில் வருகிறது. இனிமேல் எங்களுக்கும் சொல்லுங்கள், கண்ணில் தூசு குறைந்தவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறார். உங்களுக்கு உறுத்துவது இந்த இடம்தான். அந்த உறுத்தல் நியாயமானது.

ஆனால் பாலி சூத்திரத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் ஒரு குயவரும் இருக்கிறார். பெயர் கடிகாரர், கடம் செய்பவர் என்று பொருள். காலம், கௌதமருக்கு முந்தைய காசியப புத்தருடையது. தன் நண்பர் ஜோதிபாலரைத் தலைமுடியைப் பிடித்து இழுக்காத குறையாகக்கூட அல்ல, நிஜமாகவே பிடித்து இழுத்துப் புத்தரிடம் கூட்டிப்போகிறார். கேட்ட மாத்திரத்தில் ஜோதிபாலர் துறவுக்குத் தயார். நீ ஏன் போகவில்லை என்று குயவரைக் கேட்கிறார். பார்வையில்லாத வயதான பெற்றோரை நான்தானே பார்த்துக்கொள்கிறேன், உனக்குத் தெரியாதா என்கிறார் இவர்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வதே தியானம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மீதியையும் படிக்க வேண்டும். இவர் மண்வெட்டியால் மண் வெட்டுவதில்லை. கரை இடிந்து விழுந்த மண்ணையும் எலி தோண்டித் தள்ளிய மண்ணையும் காவடியில் சுமந்து வருகிறார். பானைக்கு விலை இல்லை. அரிசியோ பயறோ வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப்போகச் சொல்கிறார். பொன் வெள்ளி தொடுவதில்லை, ஒருவேளை உணவு, பிரமசரியம். ஒருநாள் புத்தர் வருகையில் மகன் வீட்டில் இல்லை. பானையில் சோறு இருக்கிறது, எடுத்துச் சாப்பிடுங்கள் என்கிறார்கள் அந்தப் பெற்றோர். அவரும் தானே எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அந்த அளவுக்கு நம் வீட்டை நம்பினாரே என்று குயவருக்குப் பல நாட்கள் சந்தோஷம் அடங்கவில்லை.

மண் தோண்டக்கூடாது என்ற பிக்குவின் விதியை ஒரு குயவர் கடைப்பிடிக்கிறார், யோசித்துப் பாருங்கள்! பிக்குவுக்காவது சுற்றிலும் சங்கம் இருக்கிறது, தவறினால் அறிக்கையிட அமாவாசையும் பௌர்ணமியும் இருக்கின்றன. இவர் தனியாளாகச் செய்கிறார். எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: வீட்டில் இருந்து முழுதாகப் போக முடியும், அது சீவரத்தைவிடக் கடினம். சுலபம் என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

போனால் திரும்பவே முடியாது என்ற பயமும் வேண்டாம். தாய்லாந்தில் ஒரு மழைக்காலம் மூன்று மாதம் பிக்குவாக இருந்துவிட்டு வருவது சாதாரணம். மன்னர் பூமிபோல் 1956இல் 15 நாள் இருந்தார். இலங்கையில் அப்படியில்லை, சீவரத்தைக் களைந்தவரை ஊர் ஒருமாதிரிதான் பார்க்கும். தர்மானந்த கோசாம்பி கோவாவில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பி 1902இல் இலங்கையில் துறவு பூண்டார். 1906இல் துறவை விட்டுக் குடும்பத்துக்குத் திரும்பினார். மகன் டி. டி. கோசாம்பி, பின்னாளில் வரலாற்றாசிரியர், பிறந்தது 1907இல். பாலியில் அவர் செய்த பெரிய வேலைகள் அதற்குப் பிறகுதான். அவரைத் தோற்றவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இடைப்பட்ட வருடங்களில் அவர் மனைவி எப்படி இருந்தார் என்பதை அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே அந்த மூத்த பிக்கு சொன்னதையே செய்யுங்கள். வேலையில் நீண்ட விடுப்பு எடுத்து ஆறு மாதம் வெள்ளை உடையில், எட்டுச் சீலத்தோடு (இல்லறத்தார் ஏற்கும் எட்டு ஒழுக்க விதிகள்). ஃபிளாட்டை விற்றால் கடன் அடைகிறதா என்று இந்த வாரமே கணக்குப் போடுங்கள். 11 வருடம் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அக்காவிடம் பேசுங்கள். பிக்கு தனக்குக் கிடைத்த துணியைப் பெற்றோருக்குக் கொடுக்கலாம் என்று புத்தரே அனுமதித்திருக்கிறார். ஆனால் அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு அது போதாது.

அப்புறம் அந்த யோகா வகுப்பு. பெற்றோர் அனுமதி என்ற விதி வந்ததே புத்தரின் மகன் ராகுலன் துறவு பூண்டதால்தான். பேரனும் போனபின் சுத்தோதனர் மகனிடம் வந்து சொல்கிறார்: பிள்ளைப் பாசம் தோலை அறுக்கிறது, தோலை அறுத்துச் சதையை, சதையை அறுத்து நரம்பை, எலும்பை, மஜ்ஜை வரைக்கும். புத்தர் காலத்து இளைஞர் ரட்டபாலர் அனுமதி வாங்க வெறுந்தரையில் பட்டினி கிடந்தார். பிக்குவாகித் தன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை. பழங்கஞ்சியைக் கொட்ட வந்த வேலைக்காரிதான் கையையும் காலையும் குரலையும் வைத்துக் கண்டுபிடித்தாள்.

நீங்கள் தரையில் படுக்க வேண்டாம். அம்மாவை ஒரு போயா நாளில் (பௌர்ணமியில்) அந்த ஆரண்யத்துக்கு அழைத்துப் போங்கள். தன் கையால் ஒரு கரண்டி சோறு பாத்திரத்தில் போடட்டும், அந்தக் குடிலுக்குள் எட்டிப் பார்க்கட்டும், மகனுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாதா என்று அந்தப் பெரிய பிக்குவிடமே சண்டை போடட்டும். அவருக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா?