மூலம் என்று யார் சொன்னார்கள்?

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. கம்பத்தில் இருந்து வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் காயெடுக்கப் போய் வருகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் ஜீப் வந்துவிடும். நாலு மாதமாக வெளிக்குப் போகும்போது பிளேடால் கிழிக்கிற மாதிரி வலி. போய் வந்த பிறகும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் எரிகிறது. சில நாள் சிவப்பாக ரத்தம் சொட்டுகிறது. அந்த இடத்தில் சின்னதாக ஒரு சதையும் தொங்குகிறது. இரண்டு பிள்ளைகளும் சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். ரத்தசோகை என்று ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். மாமியார் கருணைக்கிழங்கு மசியலும் துத்தி இலையும் கொடுத்துப் பார்த்தார். ‘மூலக்குருவுக்கு ஆபரேஷன் இல்லாமல் ஊசி’ என்று மலைமேல் ஒரு போர்டைப் பார்த்துவிட்டுப் போனேன். அவர் பார்க்காமலேயே மூலம் என்றார். மூன்று ஊசி, எட்டாயிரம். ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?
– பெயர் வேண்டாம், கம்பம்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

பார்க்காமலேயே மூலம் என்று சொன்னார் பாருங்கள், எனக்குக் கோபம் அங்கேதான் வந்தது. நானும் உங்களைப் பார்க்கவில்லை. அதனால் இதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மூலத்தின் கதை மாதிரி இல்லை. ஆசனவாயின் ஓரத்தோல் கீறிக்கொள்ளும் வெடிப்பு என்று ஒன்று உண்டு, கிட்டத்தட்ட அப்படியே அதன் கதை.

நம் ஊரில் அந்த இடத்தில் எது வந்தாலும் மூலம். மலையேறிக் கேரளப் பக்கம் போனால் எல்லாமே மூலக்குரு, மூலத்துக்கு அங்கே அதுதான் பெயர். உள்மூலம் என்பது உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் மெத்தைகள் வீங்கி இறங்குவது. அங்கே தோலுக்குரிய வலி நரம்பு கிடையாது. அதனால் ரத்தம் சொட்டினாலும் பெரும்பாலும் வலிக்காது. வெடிப்பு வருவது வெளி ஓரத்துத் தோலில். விரல் நுனியில் எவ்வளவு உணர்ச்சியோ அவ்வளவு அங்கேயும் உண்டு. பிளேடு என்று எழுதினீர்களே, வெளிநோயாளிப் பிரிவில் பத்துப் பேரில் பாதிப்பேர் என்னிடம் சொன்ன சொல் அது. கண்ணாடித் துண்டு என்பார்கள் மீதிப்பேர்.

போய் வந்த பிறகும் இரண்டு மணி நேரம் எரிவதற்குக் காரணம் வேறு. கீறல் பட்டதும் அதற்கு அடியில் இருக்கும் வளையத்தசை இறுகிக்கொள்கிறது. அது நாம் சொன்னால் கேட்கிற தசை இல்லை, தானாக இயங்குவது. இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். ரத்த ஓட்டம் இல்லாத புண் ஆறாது. வலிக்குப் பயந்து நீங்கள் அடக்குவீர்கள். அடக்கினால் மலம் இன்னும் காயும், மறுநாள் பழைய இடத்திலேயே கிழிக்கும். நாலு மாதமாக நடப்பது இதுதான். தொங்குகிற சதையும், ஆறாத புண்ணின் கரையில் தோல் தடித்து வளர்ந்ததாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் மூலம் என்கிறார்கள். அது கெட்ட சதை அல்ல. புண் ஆறிய பிறகும் அது அப்படியே இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

மலம் ஏன் காய்ந்தது என்று கேட்டால், உங்கள் கடிதத்தின் தொடக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஐந்தரை மணி ஜீப். அதற்குள் சமைத்து, பிள்ளைகளுக்குக் கட்டி வைத்துவிட்டு ஓட வேண்டும், கழிப்பறையில் உட்கார நேரம் ஏது? தோட்டத்தில் மறைவிடம் இருக்காது என்று தண்ணீரும் குடிக்க மாட்டீர்கள். இதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் காயெடுக்கப் போகும் எத்தனையோ பெண்கள் என்னிடம் சொன்னது இது. பெருங்குடல் சும்மா இருக்காது, உள்ளே நிற்கிற மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பத்து மணி நேரம் அடக்கினால் கல்லாகத்தான் வரும். ஏலத் தோட்டங்களுக்கும் பொருந்திய 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கழிப்பறை வேண்டும் என்று சொன்னது. சட்டம் வந்து எழுபது வருடம் தாண்டியும் நீங்கள் செடி மறைவு தேடுகிறீர்கள். அதை உங்கள் ஜீப்பில் வருகிற எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும், நீங்கள் ஒருவர் கேட்டால் நடக்காது.

ரத்தசோகை மாத்திரைக்கும் இதில் பங்கு இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு மலச்சிக்கல் உண்டாக்கும், மலத்தைக் கறுப்பாக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். வேறு வகை மாற்றித் தரவோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடவோ முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, என்ன செய்வது?

காலையில்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாப்பிட்டவுடன் குடல் தானாக அசைந்து கொடுக்கும், அது எந்த வேளைச் சாப்பாட்டுக்கும் நடக்கும். வேலை முடிந்து வந்து, ஏதாவது சாப்பிட்டுச் சூடாக ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து தினமும் அதே நேரத்தில் போய் உட்காருங்கள். வரவில்லையா, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். முக்கக் கூடாது. உடம்பு சாயங்காலத்துக்குப் பழக இரண்டு வாரம் ஆகலாம். நடுவில் பகலில் உணர்வு வந்தால் அடக்காமல் போய்விடுங்கள், செடி மறைவானாலும்.

அப்புறம் வெந்நீர். அகலமான பிளாஸ்டிக் டப்பில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, இடுப்பு நனைய 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். வெளிக்குப் போய் வந்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. இறுகிய தசையை இளக்குவதுதான் இதன் வேலை. டெட்டால் ஊற்றாதீர்கள். புண் மேல் டெட்டால் பட்டால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். ஆனாலும் பாதி வீடுகளில் ஊற்றுகிறார்கள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உங்கள் மாமியாரைத் திட்ட மாட்டேன். கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் சாப்பாடாக நல்லதுதான். ஆனால் தண்ணீர் குடிக்காமல் எந்தக் கீரை சாப்பிட்டாலும் பலன் குறைவு. முருங்கைக்கீரை, பள்ளத்தாக்கிலேயே விளைகிற வாழைப்பழம், பன்னீர் திராட்சை, மலையில் கிடைக்கிற கஞ்சியும் பயறும் எல்லாம் சரி. தினமும் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். இசப்கோல் வாங்கினால் பெரிய டம்ளர் தண்ணீரோடுதான் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். மிளகாயால் வெடிப்பு வராது, ஆனால் இருக்கிற புண்ணில் எரியும். ஆறும் வரை காரத்தைக் குறையுங்கள்.

மருந்து என்று பார்த்தால், டில்டியாசெம் 2 சதவீதக் களிம்பு இருக்கிறது. தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைத் திருப்பிக் கொண்டுவரும். டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். பட்டாணி அளவு எடுத்து விளிம்பில் தடவினால் போதும், நாளுக்கு இரண்டு மூன்று முறை. நைட்ரோகிளிசரின் களிம்பும் இதே வேலையைச் செய்யும், ஆனால் தலைவலி கொடுக்கும். மலம் இளகுவதற்கு லாக்டுலோஸ் மாதிரி ஏதாவது கூடவே தருவார்கள். இங்கேதான் எல்லாரும் தவறு செய்கிறார்கள்: பத்து நாளில் வலி குறைந்ததும் களிம்பை மூலையில் போட்டுவிடுவார்கள். உள்ளே புண் பாதிதான் ஆறியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் தடவ வேண்டும்.

உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. புதிதாக வந்த வெடிப்பு ஆறுகிற வேகத்தில் இது ஆறும் என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். ஆனாலும் இந்த வழியைத்தான் முதலில் முயல வேண்டும். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் கேட்காவிட்டால்தான் அடுத்தது. தசையைத் தளர்த்தும் போட்யூலினம் ஊசி ஒரு வழி. இறுகிய உள்வளையத்தசையில் ஒரு சின்னப் பகுதியை வெட்டிவிடும் ஆபரேஷன் இன்னொரு வழி. ஆபரேஷனில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஆறிவிடும், சில நாளிலேயே வலி விட்டுவிடும், அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் சிலருக்கு வாயுவை அடக்க முடியாமல் போகும், அபூர்வமாக மலமும் கசியும். இரண்டு பிரசவத்திலும் தையல் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பிரசவத்தில் அந்தத் தசையும் அடிபட்டிருக்கலாம். ஆகவே கத்தி வைக்கும் முன் சர்ஜனிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். லேசர் என்றாலும் இதையே சொல்லுங்கள். லேசர் ஒரு கருவிதான், எதை வெட்டப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஊசிக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்மூலத்தைச் சுருங்க வைக்கும் ஊசி உண்மையில் உண்டு. உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, சரியான இடத்தில் போட வேண்டியது. வெடிப்பில் அதைப் போட்டால் என்ன பயன்? தெரியாதவர் கையில் சீழ் பிடிக்கும், ஆறும்போது வாசலே குறுகிவிடும். அப்படிக் குறுகி வந்தவர்களுக்கு நான் ஆபரேஷன் செய்திருக்கிறேன், அது உங்கள் இப்போதைய வலியைவிடப் பெரிய துன்பம். காரநூல், அதாவது ஆயுர்வேத மருந்து தடவிய நூல், கட்டச் சொல்லியும் யாராவது வருவார்கள். அது ஏமாற்று அல்ல. பௌத்திரத்துக்கு, அதாவது ஆசனவாய்க்குப் பக்கத்தில் சீழ் கசியும் துளைக்கு, அது வேலை செய்கிறது என்று 1991-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வே காட்டியது: ஆற நாள் கூடுதல், திரும்ப வருவது குறைவு. ஆனால் உங்களுக்கு இருப்பது பௌத்திரம் போலத் தெரியவில்லை. சீழ் கசிந்தால்தான் அந்தப் பேச்சு.

கூச்சம் எனக்கும் தெரியும். பயிற்சி டாக்டராக இருந்தபோது எனக்கே இது வந்தது. சர்ஜரி வார்டிலேயே நின்றுகொண்டு மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டருக்கே அப்படி என்றால் உங்களை என்ன சொல்ல? கம்பம் அரசு ஆஸ்பத்திரியிலோ, க.விலக்கில் இருக்கும் தேனி மெடிக்கல் காலேஜிலோ சர்ஜரி ஓ.பி.க்குப் போங்கள். சீட்டுப் போடும் இடத்தில் ‘வெளிக்குப் போனால் வலி, ரத்தம்’ என்றால் போதும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் நர்ஸ் கூட நிற்கச் சொல்லலாம். இடது பக்கம் ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். வெடிப்பு என்றால் லேசாக விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இவ்வளவு வலியில் விரலோ குழாயோ விட வந்தால், பிறகு செய்யுங்கள் என்று நீங்கள் சொல்லலாம். எடை குறைந்தாலோ, மலத்தோடு ரத்தம் கலந்து வந்தாலோ, வீட்டில் யாருக்காவது குடல் புற்று இருந்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். அப்போது உள்ளே வரை பார்த்தாக வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். சாயங்காலம் இருபது நிமிடம் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டால்தான் நான் சொன்ன பாதியாவது நடக்கும். அந்த ஆயிரத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள், கொடுக்காவிட்டால் போகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே போக வேண்டாம்.