சுதந்திரச் சந்தைக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சந்தைக்கு ஆதரவாகப் பேசுவது பெருமுதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குவதுதானே, இதில் தனிமனித சுதந்திரம் எங்கே வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சந்தையை ஆதரிப்பவன். ஆனால் என் கவலை முதலாளியைப் பற்றியது அல்ல. அவரோடு போட்டி போட வருகிறவரையும், யாரிடம் வாங்குவது என்று தானே முடிவு செய்ய நினைப்பவரையும் பற்றியது.

இப்போது பல நாடுகள் மறுபடி கையில் எடுத்திருக்கும் இறக்குமதி வரியைப் பாருங்கள். உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று 2018-இல் அமெரிக்கா வாஷிங் மெஷின் இறக்குமதிக்குக் கூடுதல் வரி போட்டது. மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. துணி உலர்த்தும் டிரையருக்கு அந்த வரி கிடையாது. ஆனால் அதன் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது! அங்கே பலரும் இரண்டையும் ஜோடியாக வாங்குவார்கள் என்பதால், விலையேற்றத்தை நிறுவனங்கள் இரண்டின் மேலும் பிரித்துப் போட்டுவிட்டன. வெளிநாட்டுப் போட்டி குறைந்ததும் உள்நாட்டு நிறுவனங்களும் விலையை ஏற்றின. பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, உருவான வேலைகள் சுமார் 1,800. அரசுக்குக் கிடைத்த வரியைக் கழித்த பிறகும், ஒரு வேலைக்கு நுகர்வோர் கொடுத்த விலை ஆண்டுக்குச் சுமார் 8,15,000 டாலர். வேலை கிடைத்தவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பணத்தை இழந்தவர்களுக்கே அது தெரிவதில்லை. இப்படிப்பட்ட கொள்கைகள் தேர்தலுக்குத் தேர்தல் பிழைத்துக்கொள்வது இதனால்தான்.

லைசென்ஸ் விஷயம் இதைவிட நேரடியானது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பூ அலங்காரத் தொழில் செய்யவே தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2010 வரை அதில் செய்முறைத் தேர்வும் உண்டு. மதிப்பெண் போட்டவர்கள் ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்த பூக்கடைக்காரர்கள். அதாவது, புதிதாக வருகிறவர் கடை போடலாமா என்று தீர்மானித்தவர்கள் அவருடைய போட்டியாளர்களே. கைத்தொழில் தெரிந்த, கையில் முதல் இல்லாத ஒருவருக்கு உழைத்துப் பிழைக்கும் உரிமையை விடப் பெரிய சுதந்திரம் எது?

சந்தையை ஆதரிப்பது முதலாளியை ஆதரிப்பது அல்ல. அதனால்தான் 2008-இல் நஷ்டத்தில் சிக்கிய வங்கிகளைக் கைதூக்கிவிட 70,000 கோடி டாலர் வரை செலவழிக்க அமெரிக்க அரசு அனுமதி பெற்றபோது சந்தை ஆதரவாளர்களில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். லாபம் வந்தால் எனக்கு, நஷ்டம் வந்தால் ஊருக்கு என்பது சந்தையே அல்ல.

அரசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை மீறுகிறவரைத் தண்டிக்க நீதிமன்றம் வேண்டும். ஆலைக் கழிவை ஆற்றில் விடுகிறவர் அடுத்தவர் உடலுக்கும் உடைமைக்கும் கேடு செய்கிறார். அவரைத் தடுக்கச் சட்டம் வேண்டும். மருத்துவருக்கு லைசென்ஸ் தேவையா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. தேவை என்பதுதான் என் கட்சி. பூ கட்டுகிறவருக்கு எதற்கு என்பதைத்தான் கேட்கிறேன்.