ஸ்லோமோஷனில் உதடு பாட்டோடு ஒட்டவில்லையா?

வணக்கம் நண்பரே. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இரவில் பாடகியைப் பாடவைத்து எடுத்த ஸ்லோமோஷன் ஷாட்டில் உதடு பின்தங்குகிறது, கடை விளக்குகளும் மினுக்குகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எடிட்டரைத் திட்டாதீர்கள், கோளாறு ஷூட்டிங்கில்தான்.

பாட்டை அதே வேகத்தில் ஒலிக்கவிட்டு, படத்தை மட்டும் பிறகு இழுத்தால் உதடு எப்படி ஒட்டும்? முடி மெதுவாகப் பறக்க, வாய் மட்டும் சரியாகப் பாடும் வீடியோக்களில் பாட்டையே வேகமாக ஓடவிட்டு எடுத்திருப்பார்கள். நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போடுங்கள். குரல் கீச்சென்று கேட்கும், பாடகிக்குச் சிரிப்பு வந்துவிடும். பிட்ச் (சுருதி) மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டி ஒரு கோப்பு செய்துகொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரிய வரிக்கு முன்னால் நாலு தாளத் தட்டு சேர்த்துவிடுங்கள். ராப் பகுதிக்கு இது வேண்டாம், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

மினுக்கலுக்குக் காரணம் நீங்கள் வைத்த 1/125 ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/125 நொடி வெளிச்சம். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும், அதனால் 1/100 வையுங்கள். சில எல்இடி பலகைகள் அப்போதும் அடங்காது, முதலில் ஒரு ட்ரயல் பாருங்கள்.

எடுத்ததை வீசிவிடவும் வேண்டாம். அவர் திரும்பி நடப்பது, வளையல் குலுங்கும் கை, இவையெல்லாம் இடையிசைக்கு ஆகும். அப்புறம், மறுபடி எடுக்கப் போனால் இரட்டைக் கோபுரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எல்லார் பாட்டிலும் வந்தாயிற்று!