எழுதாமல் விட்ட கட்டு

அன்புள்ள ஐயா,

ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் வார்டில் செல்போன் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது என்று மறுக்கிறார். அவருடைய நியமனப் பிரதிநிதியான (சிகிச்சை விஷயங்களில் அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்ட) அம்மா, தயிர்சாதத்தில் பொடித்துக் கலந்து கொடுக்கச் சொல்லி அழுகிறார். கொடுக்கலாமா? சென்ற வாரம் இரவு டியூட்டியில் அந்த இளைஞர் மிகவும் கொந்தளித்துவிட்டார். நாற்பது பேருக்கு நானும் ஒரு அட்டெண்டரும் மட்டுமே இருந்ததால், டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுப் பதினொன்றரை மணிக்குக் கட்டிலோடு கட்ட வேண்டியதாயிற்று. எழுதினால் எல்லோருக்கும் வம்பு என்று சீனியர் சிஸ்டர் சொன்னதால் நோட்ஸில் எழுதவில்லை. அது சரிதான் என்று நினைக்கிறேன். டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்கு எங்கள் வார்டு தெரியாது. மாத்திரை விஷயத்தில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

சென்ற மாதம் என் சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊரிலிருந்து திரும்பியது முதல் என் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, நீங்கள் போகிற போக்கில் எழுதிய சில வரிகள் தொட்டுவிட்டன. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மாத்திரைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கலக்காதீர்கள். ஒருவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 4ஆம் பிரிவிலேயே சொல்கிறது. கை நடுங்கினால் தொழில் போய்விடும் என்று அஞ்சுகிறவர் மருந்தின் விளைவைப் புரிந்துகொண்டுதான் மறுக்கிறார். நடுக்கத்துக்கு மருந்து உண்டு, அளவைக் குறைக்கலாம், மாத்திரையையே மாற்றலாம். அதை டாக்டரின் காதில் போடுவது உங்கள் வேலை. அவருக்குத் திறன் இல்லாத நாட்களில் அம்மா சம்மதம் தரச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சம்மதம் பதிவாக வேண்டும், திறன் திரும்பிவிட்டதா என்று அடிக்கடி பார்க்கவும் வேண்டும். சோற்றில் ஒளித்துக் கொடுப்பது அந்த வழி அல்ல. ஒரு நாள் நாக்கில் கசந்து அவர் கண்டுபிடித்தால், அம்மா கையால் சாப்பிடுவதையே விட்டுவிடுவார்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன்.

1994இல் எனக்குப் பத்தொன்பது வயது. கைத்தறி நெசவாளரான சித்தப்பாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் துணைக்கு என்னை இருக்கச் சொன்னார்கள். ஓர் இரவு அவர் கதவில் தலையை முட்டத் தொடங்கினார். அங்கும் ஒரு சிஸ்டர், ஒரு அட்டெண்டர் மட்டும்தான். பழைய வேட்டியைக் கிழித்து ஒரு துண்டை என்னிடம் கொடுத்து, இடது கையைக் கட்டிலின் கம்பியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். திமிறிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று, நான் போட்ட முடிச்சைப் பார்த்தார். “டேய், இது இழுக்க இழுக்க இறுகும்டா. வேற மாதிரி போடு” என்றார். அறுந்த இழைகளை ஆயுள் முழுக்க முடிந்த கை அது. பயத்தில் நான் மாற்றிப் போடவில்லை. விடிந்தபோது மணிக்கட்டைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு வளையமும், மடக்க முடியாமல் வீங்கிய விரல்களும் இருந்தன.

இரத்தப் பரிசோதனைக்கு அவருடைய கேஸ் ஷீட்டை நான்தான் எடுத்துப்போனேன். வராந்தாவில் நின்று பிரித்துப் பார்த்தேன். அந்த இரவுக்கு நேராக நீல மையில் இரண்டே சொற்கள்: ‘ஸ்லெப்ட் வெல்’, நன்றாகத் தூங்கினார் என்று. பிறகு ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், என்னைக் கட்டிப்போட்டார்கள் என்று சித்தப்பா சொன்னார். டாக்டர் தாளைப் பார்த்தார், அதையும் நோயின் பேச்சாக எடுத்துக்கொண்டு மருந்தைக் கூட்டி எழுதினார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

எனவே, “அது சரிதான் என்று நினைக்கிறேன்” என்ற உங்கள் வரியை என்னால் விட்டுவிட முடியாது. அது சரியல்ல, தங்கையே. அந்த இளைஞர் நாளை யாரிடமாவது, என்னைக் கட்டினார்கள் என்று சொன்னால், உங்கள் நோட்ஸ் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு, தவிர்க்க முடியாத நேரத்துக்கு மட்டும் கட்டலாம் என்கிறது 97ஆம் பிரிவு. எந்த முறையில் கட்டப்பட்டது, ஏன், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் பதிவாக வேண்டும். நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நோயாளிகளின் உரிமைகளைக் காக்க இந்தச் சட்டம் அமைத்த மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மாதந்தோறும் அறிக்கை போக வேண்டும். பதிவுக்குப் பொறுப்பு டாக்டருடையதாக இருக்கலாம், ஆனால் மணியைப் பார்த்தவர் நீங்கள்தான். அடுத்த நாள் தயிர்சாதத் தூக்கோடு வந்த அந்த அம்மாவிடம் யாராவது சொன்னீர்களா?

டெல்லியில் எழுதியவர்களுக்கு உங்கள் வார்டு தெரியாது என்கிறீர்கள். ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைக் கட்டக் கூடாது என்று அதே பிரிவில் இருக்கிறது. நாற்பது பேருக்கு இரண்டு பேர் நிற்கும் வார்டைத் தெரியாதவர்கள் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில், சங்கிலியில் பிணைக்கப்பட்டு ஓட முடியாமல் 28 பேர் தீயில் இறந்த நாட்டின் சட்டம் இது. சங்கிலியை 95ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது.

இதையும் நினைத்துப் பாருங்கள். “பணியில் ஒரு செவிலியர், ஒரு உதவியாளர், நோயாளிகள் நாற்பது பேர்” என்று அன்றிரவே எழுதியிருந்தால், ஆள் போடாதது நிர்வாகத்தின் தவறு என்பதற்கு அந்தத் தாள் சான்றாக இருந்திருக்கும். எழுதாமல் விட்டதால், அவர்களுடைய குறையை அவர்களுக்காக மறைத்துக் கொடுத்து, நாளை கேள்வி வந்தால் தனியாக நிற்கப்போகிறவர் நீங்கள்தான். இளம் வயதில், குறைந்த சம்பளத்தில், இரவெல்லாம் கண்விழித்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண்ணின் தலையில் இந்தச் சுமை விழுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. வம்பு வரட்டும். தாமதமாக எழுதும் குறிப்பு என்று தேதியும் நேரமும் போட்டு, நடந்ததை இப்போதாவது எழுதிக் கையெழுத்திடுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். கட்டியது பதினொன்றரை மணிக்கு என்று இருக்கிறது. எத்தனை மணிக்கு அவிழ்த்தீர்கள் என்று அதில் இல்லை. அதை எனக்கு எழுதுங்கள்.