பூனைக்குக் கடைசி ஊசி: எப்போது, யார் கையால்?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறோம். எங்கள் பூனைக்கு 13 வயது, பெட்டை. மூன்று மாதத்தில் 4 கிலோவிலிருந்து 2.7 கிலோவுக்கு இறங்கிவிட்டது. ஆறு நாளாக ஒன்றும் தின்னவில்லை. வாயில் புண், கிட்டே போனால் நாற்றம். ரத்தத்தில் கிரியாட்டினின் 7.8. ‘ஊசி போட்டு முடித்துவிடுங்கள்’ என்கிறார் ஒருவர். ‘வீட்டுக்கே வந்து தினமும் டிரிப்ஸ் போடுகிறேன், சரியாகிவிடும்’ என்கிறார் இன்னொருவர். மாமியாரோ பூனை பாவம் சும்மா விடாது என்கிறார். என்ன செய்ய?

பதில்: இன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு. அது ரத்தத்தில் ஏறிக் கிடக்கிறது என்றால் சிறுநீரகமே தேய்ந்திருக்கலாம். அல்லது உடம்பில் தண்ணீர் வற்றி, சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போகாமல் இருக்கலாம். ஆறு நாள் பட்டினி கிடந்த பூனைக்குப் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். அந்த 7.8-இல் எது எவ்வளவு என்பது இரண்டு மூன்று நாள் நரம்பு வழியாக டிரிப்ஸ் ஏற்றி, மறுபடி ரத்தம் பார்த்தால்தான் தெரியும். முதல் பாட்டில் ஏற்றும் முன்பே கொஞ்சம் மூத்திரம் எடுத்து அதன் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு பார்த்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. இதைத்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள்.

ரிப்போர்ட் மனிதர்களுக்கான லேபில் எடுத்தது என்றால் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ அளவைப் பார்க்காதீர்கள். அது உங்களுக்கும் எனக்கும் உரியது. பூனைக்கு 1.6-க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. 5-ஐத் தாண்டினால் நோயின் கடைசிப் படி. 1.5-க்குச் சிவப்பு மையில் வந்த எழுத்தைக் காட்டி, ‘கிட்னி போச்சு’ என்று மருந்து விற்கிறவர்கள் உண்டு.

வீட்டுக்கு வந்து டிரிப்ஸ் போடுகிறேன் என்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘இரண்டாவது ரத்தப் பரிசோதனை என்றைக்கு?’ பதில் வராது. எடை பார்க்க மாட்டார், மூத்திரம் பார்க்க மாட்டார், ஒரு தடவைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டே இருப்பார். தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது நல்ல வைத்தியம்தான். இந்த எடைக்கு ஒரு தடவைக்கு 100 மி.லி. போல ரிங்கர் லாக்டேட், தோள்பட்டைகளுக்கு நடுவே. ஆனால் அது தேறிய பூனையைத் தேறிய நிலையிலேயே வைத்திருக்க. விழுந்துவிட்ட பூனையைத் தூக்கி நிறுத்த அல்ல. டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) கலந்த பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்ற விடாதீர்கள், புண்ணாகிச் சீழ் பிடிக்கும். ‘கிட்னி பவுடர்’ என்று வருவதில் ஒரு வகை, தீனியில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் மருந்து. தீனியே உள்ளே போகாத பூனைக்கு அது எதைப் பிடிக்கும்?

உங்கள் பூனை பெட்டை, அதனால் அடுத்தது உங்களுக்கு இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அநியாயமாகச் சாகிற பூனைகள் இந்தக் கணக்கில்தான் அதிகம். கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் மெல்லியது. மணல் போன்ற துகளோ சளியோ அடைத்துக்கொண்டால் மூத்திரம் தேங்கி, கிரியாட்டினின் ஓரிரு நாளில் 10-ஐக்கூடத் தாண்டலாம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ‘முடித்துவிடலாம்’ என்று சொல்வதுதான் கொடுமை. மயக்கம் கொடுத்து மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்து, டிரிப்ஸ் ஏற்றினால், பல பூனைகளுக்கு இரண்டு மூன்று நாளில் எண் இறங்கிவிடும். அறிகுறி இதுதான்: மணல் தொட்டிக்குத் திரும்பத் திரும்பப் போகும், முக்கும், சொட்டு வராது, அடிவயிற்றில் எலுமிச்சையோ அதைவிடப் பெரிதாகவோ கெட்டியாக உருண்டு தட்டுப்படும். வீட்டில் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். ஊற்றாதீர்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள்ளேயே பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். பூனைக்கான மெல்லிய குழாய் எல்லா கிளினிக்கிலும் இருக்காது. புறப்படும் முன் போன் போட்டுக் கேளுங்கள். கடுவன் பூனைக்கு அடைப்பு இல்லை என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லாத யார் பேச்சையும் கேட்டுக் கடைசி ஊசிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கதைக்கு வருவோம். இந்த மூன்று நாளும் காலண்டரில் ராத்திரி குறித்து வையுங்கள்: தானாகத் தின்றதா, உடம்பை நக்கிச் சுத்தம் செய்ததா, கட்டிலுக்கடியிலிருந்து தானாக வெளியே வந்ததா, மணலுக்கு நடந்து போனதா. சிரிஞ்சில் கஞ்சியை வாயில் பீய்ச்சுவது தின்றதாகாது. ‘குர்குர்’ என்கிறதே என்று ஆறுதல் பட வேண்டாம், வலியிலும் பூனை அப்படிச் சத்தமிடும். குமட்டல் அடங்கவும் பசியெடுக்கவும் மருந்து கொடுத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும், கொடுக்காமல் பார்த்தால் கணக்குத் தப்பு. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பாதி மாத்திரையே பூனையைக் கொல்லும், அதுவும் மூச்சுத் திணறி.

மூன்றாம் நாள் எண் 3, 4 என்று இறங்கி, சாளை மீன் வாசத்துக்குத் தலை தூக்குகிறது என்றால் மாதக்கணக்கில் இருக்க வாய்ப்புண்டு. 5-க்கு மேலேயே நின்று, தீனியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறது என்றால் ஊசிதான் சரி. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: சிறுநீரகம் நின்று ‘தானாகப் போவது’ தூக்கத்தில் போவது அல்ல. வாந்தி, வாய்ப்புண், கடைசியில் வலிப்பு என்று பல நாள் எடுக்கும். சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வருவதுதான் பாவம். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இனி, யார் கையால். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டும். மருந்துக்கடைக்காரர், பழைய கம்பவுண்டர், நாய்க்குட்டி விற்கிறவர் யாரும் வேண்டாம். இவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மெக்னீசியம் சல்பேட்டோ பொட்டாசியம் குளோரைடோதான். விலை குறைவு, சுலபமாகக் கிடைக்கும். மயக்கம் கொடுக்காமல் அதை ஏற்றினால் பூனை நினைவோடு துடித்துச் சாகும். முறை இது: முதல் ஊசி மயக்கத்துக்கு, சதையில். சில பூனைகள் வாந்தி எடுக்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் பாதத்தைக் கிள்ளினாலும் இழுக்காத நிலை வர வேண்டும். பிறகு முன்னங்காலில் நரம்பு பிடித்து, பென்டோபார்பிட்டாலோ தயோபென்டோனோ என்ற மயக்க மருந்தை அதிக அளவில். தண்ணீர் வற்றிய பூனைக்கு நரம்பு கிடைப்பது சிரமம்; நேரம் எடுத்தால் அவசரப்படுத்தாதீர்கள். தயோபென்டோன் நரம்புக்கு வெளியே போனால் சதையை எரிக்கும். ‘சதையிலேயே போட்டுவிடலாம்’ என்பவரிடமிருந்து பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முடிந்த பிறகு கண் மூடாது, ஓரிரு மூச்சு இழுக்கும், மூத்திரம் போகும். உயிர் இருப்பதால் அல்ல. ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சில நிமிடம் கேட்டுவிட்டுத்தான் மருத்துவர் சொல்ல வேண்டும்.

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இது நடக்குமா என்றால், மருத்துவர் மனது வைத்தாலும் மருந்து இருக்காது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று கட்டிய இடத்தில் பூனை எப்போதும் கடைசி வரிசை. கட்டுப்பாட்டு மருந்தை வாங்கி வைக்கும் தாள் வேலைக்குப் பயந்து பல தனியார் கிளினிக்கிலும் வைப்பதில்லை. மருந்து கையில் இல்லாதபடி வைத்துவிட்டு, கம்பவுண்டர் வருகிறான் என்று புலம்பி என்ன பயன்? திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலில் விசாரியுங்கள், காலையிலேயே போய்விடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில், அதன் பழைய துணியைப் போட்டுக் கொண்டு போகலாம். சாக்கு வேண்டாம். கடந்த பத்து நாளில் வீட்டில் யாரையாவது கடித்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், வெறிநோய் (ரேபீஸ்) சந்தேகம் என்றால் முறை வேறு.

உடலைக் கன்னடியன் கால்வாயிலோ ஆற்றிலோ விடாதீர்கள். அந்த மருந்து உடலிலேயே தங்கும், தோண்டித் தின்னும் நாயும் காக்கையும் மயங்கி விழும். கிணறும் பைப்பும் இல்லாத பக்கமாக மூன்றடிக்குக் குறையாமல் தோண்டி, பிளாஸ்டிக் பையில் இல்லாமல் துணியில் சுற்றிப் புதைத்து, மேலே கனமான கல்லை வைத்துவிடுங்கள்.