கழுத்தை நெரிக்காத ஹூட்

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். கோடையில் டோபர்மோரிக்கு ஸ்கூபா டைவிங் போகிறேன். போன முறை வாடகைக்கு எடுத்த 7 மி.மீ. ஹூட்டில் (தலையையும் கழுத்தையும் மூடும் ரப்பர் உறை) குளிர் தெரியவில்லை. ஆனால் கழுத்து இறுகி, பத்து நிமிடத்தில் தலை சுற்றியது. தளர்வாக வாங்கினால் தண்ணீர் புகுந்துவிடும் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: 7 மி.மீ. சரியான தடிமன்தான். டோபர்மோரி இருக்கும் ஹியூரான் ஏரியில் ஆகஸ்டில் மேல்நீர் இதமாக இருக்கும். இறங்கிக்கொண்டே போனால் ஒரு மட்டத்தில் சட்டென்று குளிர் முகத்தில் அறையும். அதற்குக் கீழே போகப் போக 4 டிகிரியை நெருங்கும். எனவே மெல்லியதற்கு மாறாதீர்கள்.

தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம் கழுத்து. தாடைக்குக் கீழே, நாம் நாடித் துடிப்புப் பார்க்கும் இடத்தில், ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அந்த இடத்தை அழுத்தினால், ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று உடல் ஏமாந்து இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். கண் இருட்டும், மயக்கமே வரலாம். வெட்சூட்டின் (உடலை மூடும் ரப்பர் உடை) காலரும் ஹூட்டின் கழுத்தும் ஒரே இடத்தில் அடுக்கினால் இறுக்கம் இரட்டிப்பாகும். அதனால் கடைக்கு உங்கள் சூட்டையும் எடுத்துப் போங்கள். சூட் இல்லாமல் ஹூட் வாங்குவது சாக்ஸ் இல்லாமல் ஷூ வாங்குவது மாதிரி. தலைப்பகுதி 7, கழுத்துப்பகுதி 5 மி.மீ. என்று வரும் மாடலை முதலில் கேளுங்கள்.

சூட், ஹூட், மாஸ்க் எல்லாம் மாட்டி, மூச்சுவிடும் கருவியான ரெகுலேட்டரை வாயில் கடித்தபடி பத்து நிமிடம் இருங்கள். எச்சில் விழுங்கும்போது தொண்டையில் தடுக்கக் கூடாது. மோவாயை ஹூட் மேலே தள்ளினால், அரை மணியில் தாடை வலிக்கும். அண்ணாந்து பாருங்கள்: பிடரியில் இடைவெளி விழுந்தால் அதுதான் தண்ணீர் புகும் வழி. நெற்றியில் மாஸ்க்கின் மேல் விளிம்பு வரை ஹூட் வர வேண்டும். ஒரு விரல் அகலம் திறந்திருந்தாலும் ஐஸைக் கடித்ததுபோல நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறிக்கும்.

ஆழம் போகப் போகத் தளரும் என்று நம்பிச் சின்ன சைஸ் எடுக்காதீர்கள். ஹூட்டின் ரப்பரான நியோப்ரீனுக்குள் இருப்பவை வாயுக் குமிழிகள். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி அவை சுருங்கும், ஹூட் மெலியும். ஆகவே மிக இறுக்கமாக இருப்பது மேற்பரப்பில்தான். மயக்கம் வரும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம். கழுத்து சரியாக இருந்தும் தலைசுற்றினால் டைவிங்கை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஹூட் போட்டால் வலது காது மட்டும் வலிக்கிறது. மூக்கைப் பிடித்து ஊதினால் வலி கூடுகிறது. ஏன்?

பதில்: ஹூட் காதுத் துளையை மூடி, உள்ளே காற்றைச் சிறைப்பிடித்திருக்கிறது. ஆழத்தில் அந்தக் காற்று சுருங்க, செவிப்பறை வெளிப்பக்கமாக இழுபடுகிறது. நீங்கள் ஊதும் காற்று செவிப்பறைக்கு உட்புறம் சேருவதால் அதை இன்னும் வெளியேதான் தள்ளும். ஊதுவதை நிறுத்தி, ஒரு மீட்டர் மேலே வந்து, ஹூட்டின் ஓரத்தை இழுத்துக் காதில் தண்ணீர் விடுங்கள். இனி இறங்கும் முன்பே, மேற்பரப்பிலேயே, இரண்டு காதுக்கும் இதைச் செய்துவிடுங்கள். ஒரு காதில் மட்டும் குளிர்நீர் போனால் உட்காதின் சமநிலை குலைந்து உலகமே சுழலும். தொல்லை தொடர்ந்தால் சூடாக்கிய ஊசியால் காதுக்கு நேரே ஹூட்டில் ஒரு சிறு துளை போடலாம்.

கேள்வி: உச்சந்தலையில் காற்று சேர்ந்து ஹூட் கூம்பாகிறது. பழுதா?

பதில்: பழுதல்ல. மாஸ்க்கிலிருந்து தண்ணீரை வெளியேற்ற மூக்கால் ஊதும் காற்று அங்கே ஏறுகிறது. உச்சியில் காற்றுவழி உள்ள ஹூட் வாங்குங்கள். பழைய ஹூட் என்றால் உச்சியில் இரண்டு ஊசித்துளைகள் போதும்.

கேள்வி: நீண்ட கூந்தல். கொண்டையா, பின்னலா?

பதில்: பின்னல், அதுவும் பிடரிக்குக் கீழே ஆரம்பிப்பது. கொண்டை ஹூட்டைத் தூக்கிப் பள்ளம் உண்டாக்கும், அதில் தண்ணீர் ஓடும். மாஸ்க்கின் ரப்பர் ஓரத்தில் நான்கு முடி சிக்கினாலே கசியும். கண்டிஷனர் கலந்த தண்ணீரை உள்ளே தடவினால் ஹூட் வழுக்கிக்கொண்டு ஏறும், நகத்தால் பற்றி இழுத்துக் கிழிக்க வேண்டியிராது.