கல அழுத்தத்தை நிறுத்தும் மருந்து மறதி நோய்க்கு வந்துவிட்டதா?

பரந்தனில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: அம்மம்மாவுக்கு அல்சைமர், இந்த மருந்தை வாங்கலாமா என்று.

இன்னும் இல்லை, தங்கச்சி. ஆனால் ஆய்வு உண்மைதான். மூளைக்கலத்துக்குள் பிழையாக மடிந்த புரதங்கள் தேங்கினால் (இதைத்தான் கல அழுத்தம் என்கிறார்கள்), பேர்க் என்ற நொதி புதுப் புரத உற்பத்தியைக் குறைத்துவிடும். வெள்ளத்துக்கு வாய்க்கால் கதவை அடைப்பதுபோல, கொஞ்ச நேரத்துக்கு நல்லது. அடைத்தே வைத்தால் வயல் காயும். நரம்பிணைப்புக்கு வேண்டிய புரதம் இல்லாமல் கலமும் சாகும்.

2013இல், பிழையாக மடிந்த புரதம் மூளையை அழிக்கும் பிரியோன் நோய் வந்த எலிகளில் பேர்க்கைத் தடுத்தபோது மூளைக்கலங்கள் தப்பின. ஆனால் சதையி பழுதாகி எலிகள் மெலிந்தன, இரத்தத்தில் சீனியும் ஏறியது. இன்சுலின் சுரக்கும் கலங்களுக்கும் அதே பேர்க் வேண்டும். பெரிய சிக்கல் இதுதான். அதனால் ஒரு படி கீழே, புரத உற்பத்தியைத் தொடங்க உதவும் இஐஎஃப்2பி என்ற புரதத்தைக் குறிவைத்தார்கள். அந்த வழியில் வந்த டிஎன்எல்343 என்ற மருந்து, தசைகளை இயக்கும் நரம்புக்கலங்கள் சாகும் ஏஎல்எஸ் நோய் உள்ளவர்களில் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை என்று 2025இல் தெரிந்தது. எனக்குப் பெரிய கவலை.

பேர்க்குக்குக் கீழே இதே வழியில் வேலைசெய்யும் டிராசடோன் என்ற பழைய மனச்சோர்வு மருந்து 2017இல் எலிகளுக்கு உதவியது. பார்மசியில் இருக்கிறதென்று நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். எழும்பும்போது பிரஷர் இறங்கி அம்மம்மா விழக்கூடும். தைரொயிட், பி12 குறைவாலும் மறதி கூடலாம். இதுவரை பார்க்காவிட்டால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.